கடல் கடந்து பட்டம் பெற்றோரும் உத்தியோகமும்

மன்னார் மாவட்டத்தின் தென்பாகத்தில், மேற்கே கடலும் தெற்கே வில்பத்துக் காடும் எல்லையாக அமைந்திருப்பது முசலிப் பிரிவு. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் முதலிய ஊர்கள் இதன்கண் உள்ளன. இவ்வூர்களின் பெயர்கள் ஒரு காலத்தில் பாரசீகக் குடாக் கடலோரத்திலும், கீழக்கரையிலும், தூத்துக்குடியிலும் வழங்கின. முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்புப் பருவத்தில் வேலை தேடிக் கடல் கடந்து வருவோர் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய இடம் இது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மறிச்சுக்கட்டிக் காட்டிடையே ஒரு நகரமே ஓலையாலும் கம்பாலும் எழும்பிற்று. கச்சேரி, வைத்தியசாலை, பொலிசு, கடைத்தெரு யாவும் அங்கே சில வாரங்களுக்கு இருந்தன, பின்னர் மறைந்தன. அவ்வாண்டிலே 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன.

அந்தச் சலாபம் நடந்த முறையில் ஒரு செய்தி கருதத்தக்கது. பார் என வழங்கும் சிப்பித் திட்டுக்களை அரசாங்க உத்தியோகத்தர் முன்கூட்டியே சோதிப்பர். மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, முத்துக்களைப் பிரித்து, வியாபாரிகளைக் கொண்டு விலை மதிப்பிடுவர். அதன் பின்னரே இன்ன பாரில், இன்ன காலத்தில், சலாபம் நடைபெறும் என்று விளம்பரம் செய்வர். குளிக்க வருவோனுக்குத் தான் எடுக்கும் சிப்பியில் மூன்றிலொரு பங்கு தனக்கு, மற்ற இரு பங்கும் அரசாங்கத்துக்கு என்பது தோணியேறுமுன்பே தெரியும். சுறாவை வாய்கட்ட மந்திரம் ஓதுவோனாகிய கடல்கட்டிக்குங்கூட இன்ன கூலி என்று வகுக்கப்பட்டிருந்தது. கல்வியறிவில்லாதோர் எனக் கருதப்பட்ட அம்மக்கள் வேலையின் காலம், பங்கு, நிபந்தனை மூன்றையும் அறிந்துகொண்டே வந்தனர்.

கடைசிப் பெருஞ் சலாபம் 1925இல் நடைபெற்றது. பாரில் சிப்பி அற்றுப்போயிற்று. இன்று முசலியிலிருந்து வெளியே செல்வோரே உளர். அவர்களிலும் ஒரு புதிய வகுப்பார் தோன்றியுள்ளனர். கூலிக்கோ கடைச் சிப்பந்தியாகவோ செல்லாமல், பிறநாட்டுச் சர்வகலாசாலையிற் படித்துப் பட்டம் பெற்று, அந்நாட்டிலேயே உத்தியோகம் தேடும் எண்ணத்தோடு செல்லும் இளைஞரும் யுவதிகளும் அவர்கள். இவர்களுட் பலர் பழைய குளியாளிகள் அறிந்திருந்த அளவுக்குக்கூட நிபந்தனைகளை அறியாமற் புறப்படுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

அறியாமையின் விலை இப்பகுதியிலே மிகப் பெரிது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலிக் கிராமங்கள் பல வெறுமையாயின. மக்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இருபது ஆண்டளவு அகதிகளாக வாழ்ந்தனர். முள்ளிக்குளத்துத் தமிழ்க் குடும்பங்கள் 2007இல் இடம்பெயர நேர்ந்தது. 2009க்குப் பின்னர்த் திரும்பி வந்து, காடு மூடிய வளவைத் துப்புரவாக்கி, உறுதியைத் தேடியெடுத்து, எல்லை பிடித்த குடும்பங்கள் இவை. மகனின் மேற்படிப்புக்காக ஈடு வைக்கப்படுவது பெரும்பாலும் அந்தக் காணி உறுதியே. அதனோடு உம்மாவின் நகையும் போகும். ஆகவே, பிறநாட்டுப் பட்டம் உத்தியோகமாக மாறுவது எவ்வாறு, மாறாமற் போவது எதனால் என்பதை அமைதியாக ஆராய்வது தகும்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய வழியன்று. சென்னைச் சர்வகலாசாலை 1857இல் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். தாமோதரம்பிள்ளையின் வரலாறு இங்கு நோக்கற்பாலது. அவர் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வேலை தேடவில்லை. யாழ்ப்பாணத்திற் சமயப்பணி புரிந்து பின்னர்ச் சென்னை சென்றிருந்த பார்சிவல் பாதிரியார், தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்த அவரை அழைத்தார். வேலை முன்னர்; பட்டப் பரீட்சை பின்னர். அதன்மேற் கள்ளிக்கோட்டையில் ஆசிரியத் தொழில், அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் என்று படிப்படியாக உயர்ந்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1871இற் சட்டப் பட்டமும் பெற்று, ஓய்வுக்குப் பின் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர் இவரே என்பதைத் தமிழர் அறிவர். அவ்வரும்பணி முழுவதும் பிறநாட்டிற் சம்பளம் வாங்கிய ஓர் ஈழத்துப் பட்டதாரி செய்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவருக்குப் பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி பெற்றோர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைக்கும் கந்தோர்களுக்கும் சென்றனர். முன்னர்ச் சென்ற மாமன் பின்னர் மருமகனை அழைத்தான். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இலங்கை ஆசிரியர் பலர் நைஜீரியாவிலும் சாம்பியாவிலும் கற்பித்தனர்.

இவர்கள் எல்லோருக்கும் இருந்த வசதி ஒன்று இன்றைய மாணவனுக்கு இல்லை. தாமோதரம்பிள்ளை காலத்தில் இலங்கையும் சென்னையும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. பாக்குநீரிணையைக் கடக்க எவரது அனுமதியும் வேண்டியதில்லை. நைஜீரியா சென்ற ஆசிரியருக்கு நியமனக் கடிதம் கையில் இருந்தது. வளைகுடா நாடுகளுக்கு இன்று செல்லும் தொழிலாளிக்குங்கூட, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவு உண்டு. சம்பளம் எழுதிய ஒப்பந்தம் உண்டு. மாணவனாகச் செல்வோனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் கையில் இருப்பது ஒரு சர்வகலாசாலையின் அனுமதிக் கடிதம். அது படிப்பதற்கு உரிமை தருமேயன்றி, படித்தபின் அந்நாட்டில் வாழ்வதற்கும் உழைப்பதற்கும் உரிமை தராது.

பட்டம் ஒன்று, படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்யும் அனுமதி வேறொன்று, தொழில் செய்யும் உரிமம் பிறிதொன்று. முதலாவதைத் தருவது சர்வகலாசாலை. இரண்டாவதைத் தருவது அந்நாட்டுக் குடிவரவுப் பகுதி. மூன்றாவது வைத்தியம், தாதித் தொழில், சட்டம், ஆசிரியம் போன்ற துறைகளில் அந்தந்தத் தொழிற் சபையால் தரப்படுவது. இம்மூன்றும் ஒன்றையொன்று கேட்டு நடப்பனவல்ல. தாதியியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற ஒருத்தி இலண்டனில் தாதியாகப் பணியாற்ற வேண்டுமாயின் அந்நாட்டுத் தாதியர் சபையிற் பதிய வேண்டும். முதுமாணிப் பட்டம் அப்பதிவுக்கு ஈடாகாது. படிப்பைத் தெரிவு செய்யும்போதே இதனைக் கேட்டறியாதவர் இரண்டாம் முறை பரீட்சை எழுத நேரிடும்.

இங்கிலாந்தை எடுத்து நோக்குவோம். இப்பகுதியிலிருந்து செல்ல விரும்புவோர் முதலிற் கேட்கும் பெயர் அதுவே. ஓராண்டில் முதுமாணிப் பட்டம் முடிந்துவிடும் என்பது அதன் கவர்ச்சி. அந்தக் குறுமையே இடரும் ஆகும்.

முதலிற் பணக் கணக்கு. பட்டப்படிப்பு மாணவன் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. 2025 ஏப்பிரலில் அங்கே 21 வயது நிரம்பியோருக்கு விதிக்கப்பட்ட ஆகக்குறைந்த கூலி மணிக்கு 12 பவுண் 21 பென்சு. இருபது மணிக்கு 244 பவுண். ஆண்டின் 52 வாரமும் ஒரு வாரமும் தவறாமல் வேலை கிடைத்ததாகவே கொண்டாலும் 12,700 பவுணுக்குச் சற்றுக் குறைவு. பிறநாட்டு மாணவரிடம் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்குப் பல சர்வகலாசாலைகள் வாங்கும் கட்டணமோ 15,000 பவுணுக்கு மேற்படும். அறை வாடகையும் உணவும் இன்னும் கணக்கில் வரவில்லை. பகுதிநேர வேலையாற் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று ஊரிற் சொல்லப்படும் பேச்சு இந்தச் சிறு பெருக்கற் கணக்கின் முன் நில்லாது. கோடை விடுமுறையில் முழுநேரம் உழைக்கலாமே என்பர். இளமாணி மாணவனுக்கு அது பொருந்தும். முதுமாணி மாணவனுக்குக் கோடை ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம், அது விடுமுறையன்று, 20 மணி எல்லை அப்போதும் உண்டு. இதனை அறியாது எல்லை மீறி உழைத்து, விசாவை இழக்கும் நிலைக்கு ஆளாவோர் உளர். சொந்தமாகத் தொழில் நடத்துவதும் மாணவர் விசாவில் விலக்கப்பட்டதே.

அடுத்து, காலக் கணக்கு. படித்து முடித்தோர் தங்கி வேலை தேட இங்கிலாந்து முன்னர் அளித்த வசதி 2012 ஏப்பிரலில் நிறுத்தப்பட்டது. ஒன்பதாண்டு இடைவெளிக்குப் பின், 2021 யூலை முதலாந் திகதி பட்டதாரி விசா என்னும் புதிய வழி திறக்கப்பட்டது. இளமாணி, முதுமாணிப் பட்டம் பெற்றோருக்கு 2 ஆண்டு; கலாநிதிப் பட்டம் பெற்றோருக்கு 3 ஆண்டு. 2025இற் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, 2027 சனவரி முதலாந் திகதி தொடக்கம் விண்ணப்பிக்கும் இளமாணி, முதுமாணிப் பட்டதாரிகளுக்கு இக்காலம் 18 மாதமாகக் குறைகின்றது. ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் தேர்தற் காற்றுக்கு ஏற்ப வளையும். 2011இல் தங்கலாம் என நம்பிச் சென்றோர் 2012இல் மூட்டை கட்டினர். அண்ணன் சென்ற காலத்துச் சட்டத்தை நம்பித் தம்பி புறப்படலாகாது.

இந்தப் பட்டதாரி விசாவுக்கு இங்கிலாந்திற்குள் இருந்துகொண்டே, மாணவர் விசா முடியுமுன்னர் விண்ணப்பிக்க வேண்டும். மாணவன் படிப்பை முடித்தான் எனச் சர்வகலாசாலை அரசாங்கத்துக்கு அறிவித்த பின்னரே விண்ணப்பிக்கலாம். பரீட்சை முடிந்த களிப்பில், அல்லது தங்கையின் கலியாணத்துக்காக, ஊருக்கு வந்து நின்றுவிட்டு மாணவர் விசாவை முடிய விட்டவன் அவ்வுரிமையை இழந்துவிடுவான். விண்ணப்பக் கட்டணத்தோடு சுகாதார வரியாக ஆண்டொன்றுக்கு 1,035 பவுண் முற்பணமாகக் கட்டவும் வேண்டும். படிப்பு முடியும் மாதத்தில் மாணவனின் பை வெறுமையாக இருக்கும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. அப்பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

பட்டதாரி விசாவும் முடிந்தபின் தொடர்ந்து இருப்பதற்கு ஒரு முதலாளியின் ஆதரவு வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற நிறுவனங்களின் பெயர்ப்பட்டியலை அந்நாட்டு அரசாங்கம் யாவரும் பார்க்கத்தக்கதாக வெளியிடுகின்றது. பட்டியலில் இல்லாத முதலாளி எவ்வளவு நல்லவனாயினும் விசா பெற்றுத் தர இயலாது. இப்பட்டியலைப் பார்த்து விண்ணப்பிப்போன் காலத்தை வீணாக்க மாட்டான். 2025 யூலை 22ஆந் திகதி முதல் இத்தகைய திறன்சார் தொழில் விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண், அல்லது அத்தொழிலுக்கென வகுத்த சம்பளம், இவற்றுள் எது கூடியதோ அது வேண்டும் என்பது விதி. தொழிலும் பட்டதாரி தரத்தினதாக இருத்தல் வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்குச் சம்பள எல்லையிற் சலுகை உண்டு. அச்சலுகை மொத்தம் 4 ஆண்டுக்கே. பட்டதாரி விசாவிற் கழித்த காலமும் அந்நான்கினுள் எண்ணப்படும். கடையிலும் உணவுச்சாலையிலும் செய்த வேலையாற் பணம் வரலாம். இந்த விசா வராது. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் பிறநாட்டிலிருந்து ஆளெடுக்கும் வழியும் அதே 2025 யூலை 22இல் அடைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே வேலை தேடத் தொடங்க வேண்டிய காலம் எது? பட்டம் கைக்கு வந்தபின் என்பது நமது வழக்கம். அரசாங்கச் சேவைக்குப் பரீட்சைப் பெறுபேறு வந்தபின் வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பித்துப் பழகிய சமூகத்துக்கு இது இயல்பே. இங்கிலாந்திற் பெரிய நிறுவனங்கள் பல, அடுத்த ஆண்டு செப்டெம்பரிற் சேர்க்கவிருக்கும் பட்டதாரிகளை இந்த ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே தேடத் தொடங்குகின்றன. ஓராண்டுப் படிப்புக்குச் செப்டெம்பரிற் சென்று இறங்குவோன், அறையில் விரிப்பு விரிக்குமுன்னே விண்ணப்பிக்க வேண்டியவனாகின்றான். குளிரும், பேச்சு வழக்கும், பேருந்து வழியும் புரியாத அந்த வாரங்களிலேயே அது நிகழ வேண்டும் என்பது கடுமையானதுதான். அதனாலேயே விண்ணப்பத்துக்கு வேண்டிய தன்விவரக் குறிப்பையும், எந்த நிறுவனங்கள் என்னும் பட்டியலையும் சிலாவத்துறையில் இருக்கும்போதே ஆயத்தம் செய்துகொண்டவன் முன்னிற்கிறான்.

தன்விவரக் குறிப்பு என்னும் இச்சிறு தாளிலே நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். இங்கே வழங்கும் படிவத்திலே தகப்பன் பெயர், சமயம், விவாக நிலை, அடையாள அட்டை இலக்கம், கல்விப் பொதுத் தராதரப் பரீட்சையின் பெறுபேறுகள் அனைத்தும், முடிவில் மேற்கூறியவை யாவும் உண்மை என்னும் சத்தியமும் கையொப்பமும் இருக்கும். இங்கிலாந்தின் முதலாளி இவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை; புகைப்படத்தையும் விரும்புவதில்லை. அவன் காண விரும்புவது இரண்டு பக்கத்துக்கு மிகாத ஒரு கணக்கு: இவன் என்ன செய்தான், அதனால் என்ன விளைந்தது. மீனவர் சங்கத்துக்குக் கணக்கெழுதினேன் என்று எழுதுவது போதாது. எத்தனை உறுப்பினரின் சேமிப்பை, எத்தனை ஆண்டு, எம்முறையில் எழுதினேன் என்று காட்ட வேண்டும். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது நாணத்தைத் தரும். செய்த வேலையை அளவோடு சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது என்பதை ஆசிரியர்கள் பாடசாலையிலேயே பழக்கலாம். நேர்முகத்தில் "இடர் ஒன்றை எவ்வாறு தீர்த்தீர்?" என்று கேட்பர். பத்து வயதில் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி, கூரையில்லாத வகுப்பிற் படித்து, உயர்தரம் தேறிய ஒருவனுக்கு விடை இல்லாமற் போகாது. அது விடையாகும் என்பதே அவனுக்குத் தோன்றுவதில்லை.

ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் தொழில் வழிகாட்டற் பகுதி ஒன்று உண்டு. தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தருவதும், நேர்முகத்தைப் பழக்குவதும், முதலாளிகளை அழைத்துச் சந்திக்க வைப்பதும் அதன் கடமை. அதற்கெனத் தனிக்கட்டணம் பெரும்பாலும் இல்லை. பல்லாயிரம் பவுண் கட்டியவன் அக்கதவைத் தட்டாமல், ஊர்க்காரன் ஒருவனின் கடையில் இரவு வேலைக்கு ஓடுவது கண்கூடு. ஊர்க்காரனின் உதவி இழிந்ததன்று. முதல் மாதப் பசிக்கு அதுவே மருந்து. மலாயாவுக்கு மருமகனை அழைத்த மாமன் புகையிரதப் பகுதியிலேயே இருந்தான். ஆகவே புகையிரதப் பகுதியிற் சேர்க்க முடிந்தது. கடை வைத்திருப்பவன் கடைக்கே சேர்க்க முடியும். தாமோதரம்பிள்ளையை அழைத்த பார்சிவல் போன்றோர் வகுப்பறையிலே இருக்கின்றனர்: பேராசிரியர், உடன்கற்கும் மாணவர், முன்னர்ப் படித்து வெளியேறியோர். அவர்களோடு பேசிப் பழகுவதற்கு ஒதுக்கும் நேரம் வீண்போகாது.

கனடாவின் முறை வேறு. படிப்புக்குப் பிந்திய தொழில் அனுமதி அங்கே ஒருவனுக்கு வாழ்நாளில் ஒருமுறையே கிடைக்கும். அதன் நீளம் பெரும்பாலும் படித்த காலத்தைப் பொறுத்து, அதிகம் 3 ஆண்டு. எட்டு மாதத்துக்குக் குறைந்த படிப்புக்கு அது இல்லை. மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகள் எல்லாவற்றிலும் படித்தவர்க்கு இவ்வனுமதி கிடைப்பதில்லை என்பதே பெருங்குழி. 2024 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழித் தகுதியும் வேண்டப்படுகின்றது. பட்டமல்லாத பல கற்கைநெறிகளுக்கு, எத்துறையிற் படித்தான் என்பதும் பார்க்கப்படுகின்றது. அதே மாதத்தில் மாணவரின் பகுதிநேர வேலை எல்லை வாரத்துக்கு 24 மணியாக வகுக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவிலே பட்டதாரி விசாவுக்கு 50 ஆக இருந்த வயதெல்லை, 2024 யூலை முதல் பெரும்பாலோருக்கு 35 ஆகக் குறைக்கப்பட்டது. ஊரில் பத்தாண்டு உத்தியோகம் பார்த்துவிட்டு, விடுப்பெடுத்து முதுமாணி படிக்கச் செல்லும் ஆசிரியருக்கு இது முக்கியமான செய்தி.

ஜேர்மனியின் அரச சர்வகலாசாலைகளிற் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. படித்து முடித்தவர் 18 மாதம் தங்கி வேலை தேடலாம். கேட்பதற்கு இது மிக இனியது. வாழ்க்கைச் செலவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கொன்றில் இருக்க வேண்டும் என்னும் விதி 2024இலிருந்து உண்டு. ஆங்கிலத்திற் பாடம் நடத்துவார்கள், ஆனால் தொழிற்சாலையும் கந்தோரும் ஜேர்மன் மொழியிற் பேசும். யப்பானுக்கு மொழிப் பாடசாலை மாணவராகச் செல்வோர் வாரத்துக்கு 28 மணி உழைக்கலாம். மொழிப் பாடசாலைச் சான்றிதழ் மட்டும் அங்கே பட்டதாரி உத்தியோகத்துக்கு வழி திறப்பதில்லை.

இவ்விதிகளை எல்லாம் அந்தந்த நாட்டு அரசாங்கங்களே வெளியிடுகின்றன. படிக்கப் பணம் வேண்டாம். இருந்தும் முகவரின் மேசைக்கே பலர் செல்கின்றனர். முகவர் எல்லோரும் வஞ்சகர் அல்லர். எனினும் மாணவனைச் சேர்த்தமைக்காகக் கல்லூரியிடமிருந்து தரகு பெறுவோர் அவர்களுட் பலர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மாணவன் விமானம் ஏறியவுடன் அவருக்குத் தரகு வரும். அவன் உத்தியோகம் பெற்றானா என்பதாற் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. விசாவுக்குக் காட்டவேண்டிய பணத்தை வட்டிக்கு வாங்கி, 28 நாள் வங்கியில் இருத்தித் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் சிலர் செய்து தருகின்றனர். அத்தொகை ஏன் கேட்கப்படுகின்றது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. ஒன்பது மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அது வேண்டும் என்பதனாலேயே கேட்கப்படுகின்றது. காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவன் அவ்வொன்பது மாதத்தையும் கடனிலே கழிக்கின்றான். இன்னும் சிலர், முதலாளியின் ஆதரவுப் பத்திரம் பெற்றுத் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்பர். வேலைக்காகப் பணம் கேட்பவன் வேலை கொடுப்பவன் அல்லன்.

கடன் வாங்குவோர் நாணய மாற்றையும் எண்ண வேண்டும். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவாக இருந்தது. மே மாதத்தில் 360ஐக் கடந்தது. இரண்டாந் தவணைக் கட்டணத்தை அதற்குப் பின் கட்ட வேண்டியிருந்த குடும்பங்கள், ரூபாவில் ஏறக்குறைய இருமடங்கு தேட வேண்டியவாயின. வேறு வழியில்லாது படிப்பை இடையில் விட்டோர் அடைந்த நட்டத்துக்கு எவரும் பொறுப்பில்லை. முழுக் கட்டணத்துக்கும் வழி கண்டபின் புறப்படுவதும், புலமைப்பரிசில் கிடைக்கும் சர்வகலாசாலையை ஓராண்டு காத்திருந்தேனும் தேடுவதும், காணி உறுதி ஒன்றையே ஆதாரமாகக் கொண்ட வீட்டுக்குப் பொருந்தும் முறைகள்.

பழைய சலாபத்தில் மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்ததுபோல, இக்காலத்து மாணவனும் புறப்படுமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தான் படிக்க எண்ணும் துறையில், தான் செல்லும் நகரில், இன்றைய திகதியில் விளம்பரமாகியுள்ள வேலைகள் இருபதைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன அனுபவம் கேட்கின்றனர், என்ன சம்பளம் தருகின்றனர், அந்நிறுவனம் உரிமப் பட்டியலில் உள்ளதா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், ஒரு மாலைப்பொழுதிற் பல உண்மைகள் வெளிப்படும். இருபதில் ஒன்றேனும் தன் தகுதிக்கும் விசாவின் சம்பள எல்லைக்கும் பொருந்தாதாயின், துறையையோ நாட்டையோ மாற்றுவதற்கு அப்போது காலமும் உண்டு, காணியும் உண்டு. அந்தத் தாளைப் பெற்றாரும் பார்க்க வேண்டும். கையொப்பம் இடப்போவது வாப்பா; வட்டி கட்டப்போவதும் அவரே.

திரும்பி வருதலும் ஒரு வழியே என்பதை முன்னரே பேசி வைப்பது நல்லது. விசா முடிந்தபின் மறைந்து வாழ்வதைவிட, பட்டத்தோடு வந்து கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தொழில் தேடுவது மேல். அவ்வாறு வருவோர் அங்கேயுள்ளபோதே சர்வகலாசாலையின் பெறுபேற்று அட்டையையும், செய்த வேலைகளுக்கான கடிதங்களையும் மூலப் பிரதியாகப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். கடல் கடந்து வந்தபின் அவற்றைத் தருவிப்பது பெருந்தொல்லை. பிறநாட்டில் வைத்தியம் படித்தவர்கள் இலங்கையிற் பதிவதற்கு இலங்கை மருத்துவ சபையின் தனிப் பரீட்சை உண்டு. படிக்கச் செல்லுமுன்னரே, அச்சர்வகலாசாலை சபையால் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்க்காதோர் அப்பரீட்சை எழுதவும் இடம் பெறார்.

புறப்படுவோருக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ் முதலியவற்றை அத்தாட்சிப்படுத்தும் பணி வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு உரியது. இதற்காக முசலியிலிருந்து கொழும்புக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இயங்குகின்றது. இடம்பெயர்வில் மூலப் பத்திரங்களை இழந்தோர் முதலில் மாவட்டப் பதிவாளரிடமும் பரீட்சைத் திணைக்களத்திலும் புதுப் பிரதி பெற்று, பெயரின் எழுத்துக்கள் எல்லாப் பத்திரங்களிலும் கடவுச்சீட்டிலும் ஒரே வகையாக உள்ளனவா என்று ஒப்புநோக்கிக்கொள்ளுதல் வேண்டும். பிழை இருப்பின் திருத்துவதற்குச் சில மாதங்கள் செல்லும். ஆதலால் சர்வகலாசாலைக்கு விண்ணப்பிக்குமுன்னரே அதனைத் தொடங்கிவிடலாம்.